தோற்கிற பக்கத்து அத்தை

எங்கள் பக்கம் ஒரு பிள்ளை பிறந்தால் பெயர் வைக்கக் கொஞ்சம் நாளாகும். ஆனால் அது யாருக்குக் கைதட்ட வேண்டும் என்பது பிறந்த அன்றைக்கே முடிவாகிவிடும். எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தக் கட்சி, எந்த நடிகர் என்று எல்லாம் தயாராக இருக்கும். பிள்ளை கை முளைத்து வந்து தட்ட வேண்டியதுதான் பாக்கி. விருத்தாசலத்தில் பொங்கலுக்கு நடக்கிற கபடியைப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊர், அந்தப் பக்கம் ஒரு ஊர். சும்மா ஆட்டம் பார்க்க வந்தேன் என்று எவனாவது சொன்னால் இரண்டு பக்கமும் அவனைச் சந்தேகப்படும்.

இதற்கு நான் பார்த்த ஒரே விதிவிலக்கு எங்கள் எதிர் வீட்டு அத்தை. சொந்த அத்தை இல்லை, எதிரெதிர் வாசலில் குடியிருந்ததால் வந்த முறை. அவளுக்கும் ஒரு பக்கம் உண்டு. தோற்கிற பக்கம். வந்ததும் ஸ்கோர் என்ன என்று கேட்பாள். எவன் பின்தங்கி இருக்கிறானோ அவன் அவளுக்குச் சொந்தக்காரன். அவன் முன்னால் வந்துவிட்டால் சொந்தம் அறுந்தது. ஒரே ஆட்டத்தில் மூன்று நான்கு தடவை கட்சி மாறுவாள், மாறியதற்கு வெட்கப்படவும் மாட்டாள். அரசியலுக்குப் போயிருக்க வேண்டியவள் என்று என் அப்பா சொல்வார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அங்கே மாறுகிறவர்கள் எல்லாரும் ஜெயிக்கிற பக்கமாகத்தானே மாறுகிறார்கள்.

அத்தைக்கு செராமிக் பொம்மைக் கம்பெனியில் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மைகளில் அச்சு ஓரம் தெரியாதபடி சுரண்டி, ஈரத் துணியால் துடைத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் நேராக மைதானத்துக்கு வந்துவிடுவாள். முழங்கை வரைக்கும் வெள்ளை மண் காய்ந்திருக்கும். அவள் கைதட்டினால் சத்தத்தோடு கொஞ்சம் புகையும் வரும். எவ்வளவு கூட்டத்திலும் அத்தை எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று கண்டுபிடிப்பது சுலபம்.

எங்கள் வீட்டில்தான் முதலில் டிவி பெரிதாக வாங்கினோம். இந்தியா ஆடுகிற கிரிக்கெட் என்றால் தெருவே எங்கள் கூடத்தில் இருக்கும். நம்மவர்கள் விளாசிக்கொண்டிருக்கும்போது அத்தை மட்டும் எதிரணிப் பந்து வீச்சாளனைப் பார்த்து, "அய்யோ, பாவம்பா அந்தப் புள்ள, எப்புடி வேர்த்து நிக்கிது பாரு. ஒரு விக்கெட்டாவது எடுத்துட்டுப் போயேன்டா" என்பாள். என் அண்ணனுக்கு ரத்தம் கொதிக்கும்.

"அத்த, நீங்க எந்த நாட்டுக்காரங்க? சொல்லிட்டு உக்காருங்க."

"நம்மாளுதான் ஜெயிக்கிறானே, அவனுக்கு எதுக்குடா நான் கத்தணும்? பசிக்கிறவனுக்குத்தான சோறு போடணும்?"

அண்ணன் பதில் சொல்வதற்குள் நமக்கு இரண்டு விக்கெட் போய்விடும். அத்தை உடனே நாற்காலி நுனிக்கு வந்து இந்தியாவுக்காகச் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவாள். அவளை என்ன செய்ய முடியும்?

உள்ளாட்சித் தேர்தல் முடிவு வந்த அன்றைக்கு ஜெயித்தவர் வீட்டில் வெடி வெடித்துத் தெருவே புகையாக இருந்தது. அத்தை மல்லிப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு தோற்றவர் வீட்டுக்குக் கிளம்பினாள். அந்த அம்மாள் அழுது வீங்கிய முகத்தோடு, "நீங்களாச்சும் வந்தீங்களே. எனக்குத்தான் ஓட்டுப் போட்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அத்தைக்குப் பொய் வராது. "இல்லீங்க. நீங்க தோப்பீங்கன்னு தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன்" என்றாளாம். அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்துவிட்டாள் என்று கேள்வி.

அத்தையின் புருஷன் ஆட்டோ ஓட்டினார். பேச்சே குறைவு. ஒருநாள் என் அப்பா அவரிடம், "எப்புடிய்யா இவங்களோட காலம் தள்ளுற?" என்று கேட்டதற்கு அவர் சொன்னது எங்கள் தெருவில் பழமொழியாகவே ஆகிவிட்டது. "சண்ட வந்தா நான் ஒடனே தோத்துடுவேன். அப்புறம் அவளே எம் பக்கம் வந்துடுவா."

ஆனால் செல்வியிடம் இந்த வேடிக்கையெல்லாம் செல்லாது. அத்தையின் ஒரே மகள், என் வகுப்புத் தோழி. பள்ளிக்கூட விளையாட்டு விழாவில் ஓட்டப்பந்தயம். செல்வி காற்று மாதிரி ஓடி முதலாவதாக வந்து, மூச்சு வாங்கத் திரும்பி அம்மாவைத் தேடினாள். அத்தை மைதானத்தின் அந்தக் கோடியில், காலில் செருப்பு அறுந்து கடைசியாக வந்துகொண்டிருந்த ஒரு குண்டுப் பெண்ணுக்கு இணையாகக் கயிற்றுக்கு வெளியே தானும் ஓடிக்கொண்டிருந்தாள். "வா வா, வந்துட்ட, இதோ வந்துட்ட." முதலில் வந்தவளை அவள் பார்க்கவே இல்லை. அடுத்த வருஷம் செல்வி கடைசிக்கு முந்தியவளாக வந்தாள். வேண்டுமென்றே மெதுவாக ஓடினாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு. கேட்டால் அடிக்க வருவாள்.

அந்தச் செல்விக்கு வேப்பூரில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற குடும்பம். பையன் பெயர் சரவணன், கல்லூரியில் படிக்கும்போதே நல்ல கபடி ஆட்டக்காரன். ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் செல்வியும் அவனும் ஒருவரையொருவர் பார்த்துப் பிடித்துப் போய், அதன் பிறகுதான் பெரியவர்கள் பேசியது. பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பூ வைத்து நிச்சயம் செய்ய நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் மிச்சம். அதற்குள் பொங்கல் வந்தது, கபடியும் வந்தது.

சரவணன் அணிக்கு செராமிக் கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிற மைதானத்தில் ஆட்டம். அவன் அம்மா, அப்பா, சித்தப்பா எல்லாரும் ஒரு வேனில் வருகிறார்கள், நீங்களும் வந்து உட்காருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். மரியாதைக்குக் கூப்பிட்டது. செல்வியின் முகம் வெளுத்துவிட்டது.

"யம்மா, ஒன் காலுல வேணா வுழுறேன். அன்னிக்கு ஒரு நாளு வாய மூடிக்கிட்டு இரு."

"பேசவே மாட்டேன்டி. ஒம் மேல சத்தியம்."

அத்தை சத்தியத்தைக் காப்பாற்ற உண்மையாகவே பாடுபட்டாள். அன்றைக்கும் வேலை முடிந்து மண் காய்ந்த கையோடு நேராக வந்தவள், வழியில் பெட்டிக்கடையில் கமர்கட் வாங்கி இரண்டு கன்னத்திலும் ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டாள். பல்லில் ஒட்டிக்கொண்டால் கத்த முடியாது என்பது அவள் கண்டுபிடிப்பு. அந்தக் கோலத்தில் போய் சரவணன் அம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். "ஒங்க அம்மா ரொம்ப அடக்கமா இருக்காங்க" என்று அந்த அம்மாள் செல்வியிடம் சொன்னாள். நானும் செல்வியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டோம்.

எதிரணி ஒரு காலனி அணி. அதில் அன்பு என்று ஒருவன் இருந்தான். அத்தை வேலை செய்த அதே கம்பெனியில் சூளையில் பொம்மை அடுக்குகிறவன். ஆட்டம் ஆரம்பித்ததிலிருந்தே வேப்பூர் அணி அவர்களை உருட்டியது. ஒவ்வொருவனாக வெளியே போய், அன்பு மட்டும் தனியாக நின்றான். அவர்கள் பக்கத்துக்குக் கத்துவதற்கு மூலையில் நான்கைந்து பையன்கள்தான். நாற்காலி போட்டிருந்த எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர், "இதுக்கெல்லாம் எதுக்குடா இம்மா நேரம்? புடிச்சு அனுப்புங்கடா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அன்பு கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுக் கபடி பாடிப் போனான்.

அப்போது என் பக்கத்தில் பட் பட்டென்று சத்தம் கேட்டது. வெள்ளைப் புகை எழுந்தது. அத்தை எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தாள். வாய் மட்டும் மூடியேதான் இருந்தது.

சிரிப்பு நின்றது. சரவணன் அம்மா தலையைத் திருப்பி அத்தையை மேலும் கீழும் பார்த்தாள். செல்வி அத்தையின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். அன்பு அதற்குள் இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் வந்து விழுந்தான். வெளியே போன இரண்டு பேர் உள்ளே வந்தார்கள். அங்கிருந்து ஆட்டம் திரும்பியது.

கடைசிக் கட்டத்தில் காலனி அணி முன்னால் இருந்தது. இப்போது எங்கள் பக்கத்தில் நாற்காலிகள் கீழே விழுந்துகொண்டிருந்தன. சரவணனின் சித்தப்பா கோர்ட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "இவனுங்ககிட்ட தோத்துட்டு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுடா ஊருக்குப் போறது?" என்று தன் பையன்களையே திட்டினார். கடைசி ரைடுக்குச் சரவணன் போனான். அத்தை ஸ்கோரைப் பார்த்தாள். அதற்குள் கமர்கட்டும் கரைந்துவிட்டிருந்தது.

"மாப்ள! உடாதீங்க மாப்ள!"

பூ வைப்பதற்கு முன்னால் ஊர் நடுவில் ஒருவனை மாப்பிள்ளை என்று கூப்பிடுகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. மைக்கில் வர்ணனை செய்துகொண்டிருந்தவன் அதைப் பிடித்துக்கொண்டான். "ரைடுக்குப் போறாரு நம்ம ஊரு மாப்ள!" மைதானமே கொல்லென்று சிரித்தது. சரவணன் ஒரு விநாடி திரும்பிப் பார்த்தான். அந்த விநாடியில் அன்பு அவன் காலைப் பிடித்தான். மேலே மற்றவர்கள் விழுந்தார்கள். விசில் ஊதிவிட்டது.

சரவணன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தபோது சித்தப்பா செருப்பைக் கையில் எடுத்துவிட்டார். அவன் ஊர்க்காரர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. அத்தை ஒருத்திதான், "பரவால்ல மாப்ள, நல்லாதான் ஆடுனீங்க" என்று கைதட்டிக்கொண்டிருந்தாள்.

இதோடு நின்றிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். தண்ணீர் குடிக்க வந்த அன்பு அத்தையைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னா யக்கா, கடைசியில எங்கள உட்டுட்டு அந்தாண்ட போயிட்டீங்களே."

"நீங்கதான் ஜெயிச்சிட்டீங்களேடா. ஜெயிச்சவனுக்கு ஊரே கை தட்டும், நான் எதுக்கு?"

"எங்க யக்கா தட்டுச்சு?"

அவன் சிரித்துக்கொண்டேதான் கேட்டான். அத்தை சுற்றிலும் பார்த்தாள். நாற்காலிப் பக்கம் எழவு வீட்டிலிருந்து கிளம்புவது போலக் கலைந்துகொண்டிருந்தது. மூலையில் அந்த நான்கைந்து பையன்கள் மட்டும் ஒருவனையொருவன் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். பிறகு மறுபடி கைதட்டினாள், ஜெயித்தவர்களுக்கு. அப்படி அவள் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதன் பிறகு அந்த அணி ஆடினால் மட்டும் அவள் ஸ்கோர் கேட்பதில்லை.

சரவணன் அம்மா வேனில் ஏறியபடி இதைப் பார்த்தாள். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

வேப்பூரிலிருந்து பேச்சே இல்லை. கொஞ்ச நாள் கழித்துத் தரகர் வந்து, அந்த அம்மாள் சொன்னதாகச் சொன்னார்: "எம் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவங்களுக்குக் கை தட்டுது. எம் புள்ளையையும் கூப்ட்டுத் தோக்கடிச்சிடுச்சி. நாளைக்கு எங்க வூட்டு விசேஷத்துல அது யாரு பக்கம் நிக்குமோ. ஒத்து வராதுங்க."

செல்வி கத்தவில்லை, அழவில்லை. அடுப்படியில் நின்றுகொண்டு அம்மாவைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னாள். "ஊருல இருக்கிற எல்லாரு பக்கமும் நிப்ப. எம் பக்கம் மட்டும் நிக்க மாட்ட."

அத்தை அன்று என்னிடம் வந்து உட்கார்ந்து அழுததை நான் மறக்க மாட்டேன். "எம் பொண்ணையே தோக்க வச்சிட்டேனேடி. அவதான் இப்ப தோத்து நிக்கிறா, நான் இங்க உக்காந்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். எனக்கும் அவள் மேல் கோபம்தான். ஆனாலும் அந்த அழுகையைப் பார்க்க முடியவில்லை. மறுநாள் இரண்டு பேரும் வேப்பூர் பஸ்ஸில் ஏறினோம். செல்வியிடம் சொல்லவில்லை.

கடையில் கூட்டமில்லாத நேரம். சரவணன் அம்மா கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். உட்காரச் சொல்லவில்லை.

"என்னா இவ்ளோ தூரம்?"

"அன்னிக்குத் தப்பு நடந்து போச்சுங்க."

"கை தட்டுனது தப்புன்னு இப்பத் தெரியுதா?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. நான் அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்ததுகூடத் தெரிந்தது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"கை தட்டுனது தப்பில்லீங்க. எம் பொண்ணு வாழ்க்கையில வெளையாடிட்டேன், அதுதான் தப்பு. எனக்கோசரம் அவள வேணாங்காதீங்க. அவ என்ன மாதிரி இல்லீங்க. யாருக்குக் கை தட்டணும்னு அவளுக்கு நல்லாத் தெரியும்."

அந்த அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உள்ளேயிருந்து சரவணன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"யம்மா, அன்னிக்கு நான் மண்ணுல கெடந்தப்ப நம்ம ஊரே என்னைத் திட்டுச்சு. சித்தப்பா செருப்பத் தூக்குனாரு. நீகூட மூஞ்சத் திருப்பிக்கிட்ட. இவங்க ஒருத்தருதான் கை தட்டுனாங்க. நான் பொண்ணு எடுத்தா அந்த வூட்டுலதான் எடுப்பேன்."

கடையின் பின்னாலிருந்து அவன் அப்பா, "பையனே சொல்லிட்டான், அப்புறம் என்னா? எனக்கும் சம்மதந்தான்" என்றார். பரோட்டா போட்டுக்கொண்டிருந்த மாஸ்டர்கூட, "அதான, கபடியில தோக்கிறது ஜெயிக்கிறது சகஜந்தான" என்று தன் பங்குக்குச் சேர்த்துக்கொண்டார். அந்த அம்மாள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "செய்யிங்க, செய்யிங்க. இந்த வூட்டுல எம் பேச்சு என்னிக்கு எடுபட்டுச்சு?" என்றாள். குரல் கம்மிப் போயிருந்தது.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செல்வி ஜெயித்துவிட்டாள். இனி வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் போதும். அத்தையைக் கிளப்பலாம் என்று திரும்பினேன். அவள் கண் அந்த அம்மாள் மேலேயே இருந்தது. இடுப்பில் நறுக்கென்று கிள்ளினேன். அவளுக்கு உறைக்கவில்லை.

"இருங்க மாப்ள. அதெப்புடி ஆளாளுக்கு அவங்கள அடிச்சுப் பேசுறீங்க? பெத்து வளத்தவங்க. ஊரு நடுவுல எம் புள்ள தோத்துட்டு நிக்கிறானேன்னு அவங்களுக்கு எப்புடி இருந்திருக்கும்? அத ஒருத்தராச்சும் கேட்டீங்களா? அவங்க மனசார சொல்லட்டும். இல்லன்னா இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேணாங்க."

பரோட்டா மாஸ்டர் கையை நிறுத்திவிட்டார். கைக்கு வந்த கல்யாணத்தைத் தூக்கி ரோட்டில் போட்டுவிட்டாளே பாவி என்று நான் மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு கல்லாவை விட்டு எழுந்து வந்து, மேசைக்கு அடியிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க சம்பந்தி," என்றாள். "நான் இந்த வூட்டுக்கு வந்து இத்தினி வருசத்துல, எனக்காகப் பேச ஒரு ஆளு வந்தது இன்னிக்குத்தான்."